வண்ணத்துப்பூச்சிகளின் பெயர் வரலாறு

ஒரு பொருளை அறிந்தோம் என்பதற்கு முதல் அடையாளம், அதனைப் பெயரிட்டு அழைப்பதே. நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் தம் மரபியலில் உயிர்களின் இளமைப் பெயர்கள் ஒன்பதினை வகுத்து, எப்பெயர் எதற்கு உரியது என்றும் வரையறுக்கின்றார். அவ்வியலே தும்பியை நண்டுடன் சேர்த்து நான்கறிவு உயிராக வைக்கின்றது. இத்தகைய மரபில் வந்த நாம், வண்ணத்துப்பூச்சி, பட்டாம்பூச்சி, பாப்பாத்தி என்று அவ்வினம் முழுவதையும் பொதுவாக அழைக்கின்றோமே அன்றி, இது இன்ன பூச்சி என்று பிரித்துரைப்பது அரிதாகவே உள்ளது. பிற நாட்டார் இப்பெயர்களை எவ்வாறு வகுத்தனர், அதில் நாம் கொள்ளத்தக்கது யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட நூற்பதிப்பே இன்றும் விலங்கினப் பெயர்களுக்கு எல்லைக்கல். அதற்கு முற்பட்ட பெயர் எதுவும் செல்லாது. பேரினப் பெயர் ஒன்று, சிற்றினப் பெயர் ஒன்று என இரு சொற்களால் உயிர்களைச் சுட்டும் முறை அவருடையது. வண்ணத்துப்பூச்சிகளுக்கு அவர் கிரேக்கப் பழங்கதை மாந்தரின் பெயர்கள் பலவற்றைச் சூட்டினார்.

இவ்வரலாற்றில் நம் தரங்கம்பாடிக்கும் பங்கு உண்டு. லின்னேயசின் மாணவராகிய கோனிக் என்னும் மருத்துவர் 1768இல் அங்கு வந்து, செடிகொடிகளையும் பூச்சிகளையும் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அப்பூச்சிகள் பலவற்றிற்கு, மற்றொரு மாணவரான பப்ரீசியஸ் பெயரிட்டார். கோனிக்கின் நினைவாகவே நம் கறிவேப்பிலையின் அறிவியற் பெயரில் 'கோனிகி' என்னும் சொல் நிற்கின்றது. மாதுங்கா சந்தையில் நாம் நாள்தோறும் வாங்கும் கறிவேப்பிலைக்குள் தரங்கம்பாடி மருத்துவர் ஒருவரின் பெயர் ஒளிந்திருப்பது வியப்பன்றோ!

அக்கறிவேப்பிலையை உண்டு வளரும் கரிய வண்ணத்துப்பூச்சி ஒன்றின் கதை இன்னும் சுவையானது. அதன் பெண்ணினம் ஒரே வடிவில் அமைவதில்லை. சில பெண்கள் ஆணைப் போலவே இருக்கும். சில, பறவைகள் உண்ணாது ஒதுக்கும் நச்சுத்தன்மையுள்ள வேறு இரண்டு பூச்சிகளின் தோற்றத்தைப் போர்த்துக்கொண்டு உயிர் பிழைக்கும். இதனை அறியாத லின்னேயஸ், ஆணுக்குப் பம்மோன் என்றும், பெண்ணின் ஒரு வடிவத்திற்குப் போலிடஸ் என்றும் தனித்தனியே பெயரிட்டார். மற்றொரு பெண் வடிவத்திற்குக் கிராமர் என்பார் ரோமுலஸ் என்று பெயர் வைத்தார். பம்மோனும் போலிடசும் திராய் நகர மன்னன் பிரியாமின் மைந்தர்கள். நூலில் உடன்பிறந்தாராக நின்ற அவ்விருவரும், தோட்டத்தில் கணவனும் மனைவியுமாக இருந்தனர்! புழுக்களை வளர்த்துக் கண்ட பின்னரே மூன்றும் ஓரினம் என்பது தெளிவாயிற்று. இன்று போலிடஸ் என்னும் பெயரே நிலைபெற்றுள்ளது.

ஒரே பொருள் பற்றிய கடிதங்கள் இரு வேறு கோப்புகளில் சேர்ந்துவிட்டால் விளையும் குழப்பத்தை அலுவலகத்தில் உழலும் நம் போன்றோர் நன்கறிவோம். அறிவியலிலும் அஃதே நிகழ்ந்தது. ஆகவே 1895இல் விலங்கியற் பெயர்களுக்கான உலக ஆணையம் தோன்றியது. முந்திய பெயருக்கே முதலுரிமை என்பது அதன் அடிப்படை. செம்மஞ்சள் இறகில் கருவரிகள் கொண்ட நம் நாட்டுப் பூச்சி ஒன்றினைப் பிங்காம் 1905இல் வெளியிட்ட நூல் 'பிளெக்சிப்பஸ்' என்று குறித்தது. அப்பெயரோ அமெரிக்கப் பூச்சி ஒன்றிற்கும் வழங்கி வந்தது. லின்னேயஸ் கருதியது எதனை என்ற வழக்கில், ஆணையம் 1954இல் அமெரிக்கப் பூச்சிக்கே அப்பெயரை உரித்தாக்கியது. நம்முடையது 'ஜெனூசியா' ஆயிற்று. ஒரு பெயர் நிலைபெற ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள்!

பொதுப் பெயர்களின் வரலாறோ நாம் வாழும் இம்மாநகருடன் பிணைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1883இல் எண்மரால் தொடங்கப்பெற்றது. அவருள் ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன் ஆகிய இந்திய மருத்துவர் இருவரும் இருந்தனர். மற்றொருவர் எய்ட்கன், சுங்கம், உப்புத் துறையில் பணியாற்றியவர். அரசுப் பணியின் ஓய்வு நேரத்தில் பூச்சிகளை ஆராய்ந்த அவரை நினைக்கும்போது நமக்கும் ஊக்கம் பிறக்கின்றது. பின்னர் இராணுவ அதிகாரி எவான்ஸ் எழுதிய நூலை இக்கழகம் 1927இல் வெளியிட்டது. அதன் வழியே ஆங்கிலப் பொதுப் பெயர்கள் நாடெங்கும் பரவின. கமாண்டர், சார்ஜண்ட், பாரன், நவாப், ராஜா என்று அப்பெயர்களில் பாசறையும் அரசவையும் அணிவகுத்து நிற்கக் காணலாம்.

இவற்றிலும் முழு ஒழுங்கு இல்லை. 'செய்லர்' என்னும் பெயரை, பாய் விரித்த படகுபோல் மிதந்து செல்வது என்னும் பொருளில் முன்னோர் எழுதினர். ஓரெழுத்தை மாற்றிப் பின்வந்தோர் மாலுமி ஆக்கினர். இதனை மொழிபெயர்க்கப் புகுவோர் ஒரே பூச்சிக்கு இரண்டு தமிழ்ப் பெயர்களைப் படைத்துவிடுவர் அல்லரோ?

மகாராஷ்டிரம் 2015இல் தனக்கென மாநில வண்ணத்துப்பூச்சியை அறிவித்த முதல் மாநிலமாயிற்று. 2020இல் இம்மாநிலப் பல்லுயிர் வாரியம் வண்ணத்துப்பூச்சிகளுக்கு மராட்டிப் பெயர்களையும் வெளியிட்டது. தமிழ்நாடு 2019இல் அறிவித்த பூச்சிக்குப் பப்ரீசியஸ் 1787இல் இட்ட பெயர் தாயிஸ். ஆங்கிலப் பெயர் 'தமிழ் யோமன்'. நம் பெயர் தமிழ் மறவன். சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், மண்ணின் மணம் கமழ அமைந்த பெயர் இது. எலுமிச்சை அழகி, வெந்தய வரியன் என்பனவும் அத்தகையனவே. முன்னது உணவுச் செடியையும் பின்னது நிறத்தையும் காட்டி, பூச்சியைத் தேடிக் காணவும் வழிசெய்கின்றன.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. ஓரினத்திற்கு ஒரே தமிழ்ப் பெயர் வேண்டும். அதனருகே அறிவியற் பெயரும் தமிழெழுத்தில் இடம்பெற வேண்டும். புதுப்பெயர் புனையுமுன் ஊர்வழக்கில் உள்ள சொல்லைத் தேட வேண்டும். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தமிழில் அறிவியற் சொற்களை ஆக்கக் கழகம் கண்டனர். அப்பணி முற்றுப்பெறவில்லை. இலங்கையிலும் மலேசியாவிலும் வாழும் தமிழரும் ஒப்பும் பட்டியலாக அது விரிய வேண்டும்.

தாராவியை அடுத்துள்ள இயற்கைப் பூங்கா, ஒருகாலத்தில் நகரின் குப்பைமேடு. இன்று வண்ணத்துப்பூச்சிகள் உலவும் சோலை. செம்பூரிலும் மாதுங்காவிலும் பலகணித் தொட்டிகளில் வளரும் கறிவேப்பிலையிலும் அவை முட்டையிடுகின்றன. அவற்றைச் சுட்டி, "இதன் பெயர் என்ன?" என்று நம் பிள்ளைகள் கேட்கும்போது, விடை தமிழிலும் இருத்தல் வேண்டும். பெயர் தெரிந்த உயிரையே மனிதன் காக்க முற்படுவான். அப்பெயர்களைத் திரட்டித் தருவது தமிழ்ச் சங்கங்களுக்கு உரிய தொண்டாகும்.