பெயர் முதலில், ஆடுகளம் பிறகு: இலங்கையின் குறுவடிவக் கிரிக்கெட் லீக்குகளும் வன்னியும், 2004–2025

2011 மே 27ஆம் திகதி யாழ்தேவி புகையிரதம் ஓமந்தை வரை ஓடத் தொடங்கியது. அதற்கு வடக்கே பாதையே இருக்கவில்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் போர்க்காலத்தில் பிடுங்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குள் போயிருந்தன. அதே மாதங்களில் கொழும்பில் ஸ்ரீ லங்கா பிரீமியர் லீக் என்ற புதிய ரி20 போட்டிக்கான திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த சொமர்செட் என்ரர்ரெய்ன்மென்ட் வென்ச்சர்ஸ் அதன் வணிக உரிமையை வைத்திருந்தது. ஏழு மாகாண அணிகள் வரையப்பட்டன. அவற்றில் ஒன்று வடமாகாணத்துக்கு. புகையிரதம் ஓமந்தையில் நின்ற ஆண்டில் வடக்கின் பெயர் தாங்கிய அணி கொழும்பில் காகிதத்தில் பிறந்துவிட்டது.

இக்கட்டுரை இந்த இடைவெளியைப் பின்தொடர்கிறது. இலங்கையின் குறுவடிவ உள்ளூர்ப் போட்டிகள் வடக்கை எப்போது, எந்த வடிவில் சேர்த்துக்கொண்டன, அந்தச் சேர்ப்பில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களுக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்பதே கேள்வி. அணியின் பெயர் ஒவ்வொரு முறையும் ஆடுகளத்தைவிட முந்தி வந்தது என்பதும், புதிதாக ஒரு லீக்கைத் திட்டமிடுவோர் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதும் என் வாதம்.

இங்கிலாந்தில் 2003 யூன் 13இல் மாவட்ட அணிகளுக்கிடையே ரி20 ஆட்டம் தொடங்கியது. இலங்கை அதிகம் காத்திருக்கவில்லை. 2004இலேயே கழகங்களுக்கான ரி20 சுற்றுப்போட்டி நடந்தது. அது போர்நிறுத்த காலம். 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபின் ஓமந்தையில் அரசின் சோதனைச் சாவடியும் புளியங்குளத்தில் விடுதலைப் புலிகளின் சாவடியும் இருந்தன. நடுவில் யாருக்கும் உரிமையில்லாத சூனியப் பிரதேசம். யாழ்ப்பாணம் போகும் ஒவ்வொருவரும் இரு இடத்திலும் இறங்கிப் பொதிகளைத் திறந்து காட்டி நடந்தார்கள். ஆனால் கழகக் கிரிக்கெட்டுக்கு வடக்கு வராமற்போனதற்குச் சாவடி மட்டும் காரணமல்ல. இலங்கையின் முதல்தரக் கிரிக்கெட் பிறப்பிலேயே கொழும்புக் கழகங்களின் கிரிக்கெட். தமிழர் பெயர் தாங்கிய கழகம்கூட அங்கேதான் இருக்கிறது. 1899இல் தோன்றிய தமிழ் யூனியன் கழகத்தின் பி. சரவணமுத்து மைதானத்தில்தான் 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தது. வடக்கில் திறமையுள்ள பையன் ஒருவன் மேலே வர வேண்டுமானால் கொழும்புக்குக் குடிபெயர வேண்டும் என்ற விதி போருக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. போர் அந்த வழியையும் அடைத்தது.

யாழ்ப்பாணத்துக்கு ஈடாகப் பள்ளிக் கிரிக்கெட் இருந்தது. மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் வடக்கின் பெரும் சமர், இடம்பெயர்வுகளால் இடையிடையே தடைப்பட்டும் அறுந்துபோகவில்லை. வன்னிக்கு அப்படி ஒரு நூற்றாண்டுத் தொடர் இல்லை. இங்கே பள்ளிக்கூடங்கள் பிந்தி வளர்ந்தவை. பலவற்றுக்குக் கடினப்பந்து வாங்கும் வசதியே அரிது. ‘வடக்கு’ என்று ஒரே சொல்லில் அடக்கும்போது யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் உள்ள இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. லீக் அமைப்பாளர்கள் மட்டுமல்ல, நம் பத்திரிகைகளும் இதைக் கவனித்ததில்லை.

2008 அளவில் மாகாணங்களுக்கிடையிலான ரி20 தொடங்கியபோது பஸ்நாகிர வடக்கு, பஸ்நாகிர தெற்கு, கந்துரட்ட, ருகுண, வயம்ப ஆகியவையே மாகாண அணிகள். வடக்கும் இல்லை, கிழக்கும் இல்லை. 2006 ஓகஸ்ட்டில் ஏ-9 மூடப்பட்டு வன்னி முழுவதும் போர்க்களமாகியிருந்தது. 2009 ஒக்ரோபரில் வயம்ப அணி சம்பியன்ஸ் லீக் ஆட இந்தியா சென்றது. அந்த நாட்களில், ஓமந்தை வழியாகக் கொண்டுவரப்பட்ட வன்னி மக்களில் பெரும்பகுதியினர் செட்டிகுளம் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் இருந்தார்கள். இரண்டு செய்திகளும் ஒரே மாதத்து ஏடுகளில் வந்தவை. இவற்றைத் தனித்தனி வரலாறாக எழுதுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

2011இன் திட்டம் தள்ளிப்போனது. இந்திய வீரர்களுக்கு இந்தியக் கட்டுப்பாட்டுச் சபை அனுமதி மறுத்தது முக்கிய காரணம். அதற்குப் பதிலாக நடந்த மாகாணச் சுற்றுப்போட்டியில் உதுர ஒறிக்ஸஸ் என்ற பெயரில் வடமாகாண அணி முதன்முதலாக ஆடியது. அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 10 முதல் 31 வரை ஸ்ரீ லங்கா பிரீமியர் லீக் ஒருவழியாக நடந்தபோது அது உதுர ருத்ராஸ் ஆனது. எல்லா ஆட்டங்களும் கொழும்பு ஆர். பிரேமதாசவிலும் பல்லேகலையிலும். கிண்ணம் ஊவா நெக்ஸ்ட் அணிக்கு. 2013இல் அணி உரிமையாளர்கள் வங்கி உத்தரவாதம் தராததால் போட்டி கைவிடப்பட்டது. வடக்கின் அணியும் அத்தோடு கலைந்தது. கலைந்தபோது வடக்கில் விட்டுச்செல்ல அதற்கு ஒரு பயிற்சி வலைகூட இருக்கவில்லை, ஏனென்றால் அது இங்கே வந்ததேயில்லை.

அதே 2012இல் வேறொரு முயற்சி பிறந்தது. முத்தையா முரளிதரன் பெயரில், ‘பவுண்டேசன் ஒப் குட்னஸ்’ அமைப்பின் முன்னெடுப்பில் முரளி நல்லிணக்கக் கிண்ணம் தொடங்கியது. பள்ளி வயது இளைஞர்களுக்கான ரி20. தெற்கிலிருந்து அணிகள் ஏ-9 ஏறி வந்து கிளிநொச்சி, மாங்குளம், ஒட்டுசுட்டான் ஆகிய இடங்களில் ஆடின. பின்னர் பெண்கள் அணிகளும் சேர்ந்தன. ஏலமில்லை, உரிமையாளர் இல்லை, இரவு விளக்கில்லை. ஆனால் வன்னி மண்ணில் ஒழுங்காக நடந்த குறுவடிவக் கடினப்பந்துப் போட்டி என்று எடுத்துக்காட்ட இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை.

2015 ஓகஸ்ட்டில் ஓமந்தைச் சாவடி அகற்றப்பட்டது. ஆனால் 2018இல் கிரிக்கெட் சபை நடத்திய ரி20 லீக்கில் கொழும்பு, தம்புள்ள, காலி, கண்டி ஆகிய நான்கே அணிகள். யாழ்ப்பாணத்தின் பெயர் மீண்டும் வர 2020 நவம்பர் 26இல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திசர பெரேரா தலைமையில் ஜப்னா ஸ்டாலியன்ஸ் முதலாண்டிலேயே காலி கிளேடியேற்றர்ஸை 53 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தை எடுத்தது. அடுத்த ஆண்டு அணியை லைக்கா குழுமம் வாங்கி ஜப்னா கிங்ஸ் ஆக்கியது. அதன் தலைவர் அல்லிராஜா சுபாஸ்கரன் முல்லைத்தீவில் பிறந்தவர். 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிலும் கிண்ணம் அவர்களுக்கே. ஐந்து பருவங்களில் நான்கு வெற்றி.

அந்த ஐந்து பருவங்களிலும் வடக்கில் ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. அம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகலை, தம்புள்ள, இவையே களங்கள். வடக்குக்குக் கிடைத்த நன்மையை மறுக்க முடியாது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசெம்பரில் 18 வயதில் ஸ்டாலியன்ஸ் அணிக்கு ஆடினார். அவரது முதல் விக்கெட் அஞ்சலோ மத்தியூஸ். 2024 மே மாதம் அவர் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்காகப் பந்து வீசினார். ஓர் அணியின் பெயர் மட்டுமே இவ்வளவு செய்ததென்றால், களமும் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் யாழ் நகரின் பழைய பள்ளியொன்றின் பிள்ளை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஓமந்தை மத்திய கல்லூரியில் அவருக்கு நிகரான மணிக்கட்டுச் சுழல்பந்து வீச்சாளன் இருந்திருந்தால் அவனைப் பார்க்க யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

ஒப்பிடத் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். 2016 ஓகஸ்ட்டில் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கும் எட்டு ஊர்ப் பெயர்களோடுதான் வந்தது. ஆனால் முதல் பருவத்திலேயே சேப்பாக்கத்தோடு திண்டுக்கல் அருகே நத்தத்திலும் திருநெல்வேலி சங்கர் நகரிலும் ஆட்டங்கள் நடந்தன. ஒன்று கல்லூரி மைதானம், மற்றது சீமெந்து நிறுவனத்தின் மைதானம். பின்னர் சேலமும் கோயம்புத்தூரும் சேர்ந்தன. சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன் அந்த முதல் பருவத்தில் வீசிய யோர்க்கர்கள் 2017 ஐபிஎல் ஏலத்தில் அவரை மூன்று கோடி இந்திய ரூபாவுக்குக் கொண்டுபோயின. அந்த லீக்கில் கோவை கிங்ஸ் அணியும் லைக்காவுடையதே. முல்லைத்தீவில் பிறந்தவரின் ஓர் அணி தன் பெயர் சொல்லும் கோயம்புத்தூரில் ஆடியிருக்கிறது. இன்னோர் அணி தன் பெயர் சொல்லும் யாழ்ப்பாணத்தில் ஆடியதில்லை. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஒன்றே. புல்தரை ஆடுகளம்.

வடக்கின் பள்ளி மைதானங்களில் தும்புப் பாய் விரித்தே நெடுங்காலம் ஆடினார்கள். பாயில் பந்து ஒரே சீராக உயர்ந்து எழும்பும். அதில் வளர்ந்த துடுப்பாட்டக்காரன் புல்தரையில் தாழ்ந்து வரும் பந்துக்கு முன்காலை நீட்டத் தயங்குவான். தேர்வாளர் அதைத் திறமைக் குறைவு என்று எழுதிவிடுவார். மண் இல்லாததால் வந்த நிலையன்று இது. முருங்கன் பகுதியின் கரிய களி நனைந்தால் வீங்கி உலர்ந்தால் வெடிக்கும் வகை. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்கே அங்கிருந்து களிமண் போனது. உருட்டி இறுக்கக்கூடிய களி மிகுந்த மண்தான் ஆடுகளத்துக்கும் வேண்டும். குறைவது ரோலரும், தண்ணீரும், ஆண்டு முழுவதும் சம்பளம் பெறும் மைதானக்காரரும்.

பருவமும் ஒரு தடை, இதைக் கொழும்புத் திட்டங்கள் கணக்கிலெடுத்ததாகத் தெரியவில்லை. லங்கா பிரீமியர் லீக்கின் முதல் மூன்று பருவங்களும் நவம்பர், டிசெம்பரில் நடந்தன. அது வடகீழ்ப் பருவமழைக் காலம். குளங்கள் வான்பாயும் நாட்களில் வன்னியில் ஆட்டமென்பதே பேச்சில்லை. 2023, 2024 பருவங்கள் யூலை, ஓகஸ்ட்டுக்கு மாறியது தற்செயலாக நமக்குச் சாதகம். சோளகக் காற்று வீசினாலும் தரை உலர்ந்திருக்கும். ஆனால் யூலையில் சிறுபோக வயல் வேலை இருக்கிறது, மடுத் திருவிழா இருக்கிறது, ஓகஸ்ட்டில் நல்லூர்த் திருவிழா. காலபோக அறுவடை முடிந்து, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் வருவதற்கு முன்னரான வாரங்களே வன்னியின் உண்மையான விளையாட்டுக் காலம். மென்பந்துக் கழகங்களுக்கு இது நன்றாகத் தெரியும். அறுவடை முடிந்த வயலிலும் பள்ளிக்கூட வளவிலும் பத்து ஓவர், ஆறு ஓவர் சுற்றுப்போட்டிகள் அப்போதுதான் குவியும். இறந்த நண்பரின் ஞாபகார்த்தக் கிண்ணம், வெளிநாட்டில் இருக்கும் ஊரவரின் பணப்பரிசு, ஒலிபெருக்கியில் நேர்முக வர்ணனை, எல்லாம் இருக்கும். குறுவடிவம் வன்னிக்குப் புதிதில்லை. அது கடினப்பந்துக்கு ஏறும் படிதான் கட்டப்படவில்லை.

2024 டிசெம்பரில் பத்து ஓவர் கொண்ட லங்கா ரி10 பல்லேகலையில் நடந்தபோது ஜப்னா டைட்டன்ஸ் இறுதியாட்டம் வரை வந்தது. பழைய வரிசையே மீண்டும். 2025இல் லங்கா பிரீமியர் லீக், அடுத்த ஆண்டின் ரி20 உலகக் கிண்ணத் தயாரிப்புக்காகத் தள்ளிவைக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்ரெம்பர் முதலாம் திகதி மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். வடக்கின் கிரிக்கெட் வரலாற்றில் பெயருக்குப் பின்னே களம் வரத் தொடங்கிய முதல் பெரிய அடையாளம் இது. மகிழ்ச்சியோடே இதை எழுதுகிறேன். ஆனால் மண்டைதீவு ஓமந்தையிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். முல்லைத்தீவுப் பிள்ளை ஒருவன் மாங்குளம் வந்து பேருந்து மாறி அங்கே போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு இருட்டுமுன் வீடு திரும்ப முடியாது.

ஆகவே வன்னிக்கான லீக் ஒன்றைத் திட்டமிடுவோர் உரிமையாளரைத் தேடும் முன் மாங்குளத்திலிருந்து தொடங்கலாம். கண்டி வீதியும் முல்லைத்தீவு வீதியும் கூடும் சந்தி அது. நல்லிணக்கக் கிண்ணம் ஆடிய இடமும்கூட. அங்கே ஒன்று, ஓமந்தையில் ஒன்று, கிளிநொச்சியில் ஒன்று என மூன்று புல்தரை ஆடுகளங்கள் பதப்பட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை மாசியிலிருந்து சித்திரை வரை சனி, ஞாயிறுகளில் நாளுக்கு இரண்டு பகல் ஆட்டம் போதும். மென்பந்துக் கழகங்களையே அணிகளாக எடுத்து, ஒவ்வொன்றிலும் பள்ளி மாணவர் சிலர் கட்டாயம் என்று விதிக்கலாம். பெண்கள் அணிகளுக்கும் முதல் ஆண்டிலிருந்தே அட்டவணை போட வேண்டும். புலம்பெயர்ந்தோர் பணம் பரிசுத்தொகைக்குப் போகாமல் ரோலருக்கும் மைதானக்காரர் சம்பளத்துக்கும் போகும்படி தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அணிகளுக்குப் பெயர் வைக்கும் வேலை மூன்றாம் ஆண்டு வரை பொறுத்திருக்கலாம்.