பிஞ்ஞாணமும் சஹனும்: விருத்தாசலத்து வெண்களியை முன்வைத்துச் சில குறிப்புகள்

விருத்தாசலத்தைப் பீங்கான் நகரம் என்று அழைக்கிறோம். அப்பெயரில் உள்ள 'பீங்கான்' கடல் கடந்து வந்த சொல். பாரசீகத்தில் 'பிங்கான்' என்றால் கிண்ணம். அரபியர் நாவில் அது 'ஃபின்ஜான்' ஆகி, இன்றும் காப்பிக் கோப்பையின் பெயராக வழங்குகிறது. மலாயில் அதே சொல் தட்டைக் குறிக்கிறது, சிங்களத்திலும் அவ்வாறே. மலையாளத்தில் 'பிஞ்ஞாணம்' என்று வழங்குவது ஈழத்துத் தமிழிலும் கேட்கக் கூடியதே. பிற மொழிகளில் பாத்திரத்தின் பெயராக நின்ற சொல், நம்மிடம் பாத்திரம் செய்யப்படும் பொருளுக்கே பெயராகிவிட்டது. கப்பலில் வந்த கிண்ணத்தைக் கண்ட தமிழர், அதன் உருவத்தைக் காட்டிலும் அதன் வெண்மையையும் மினுக்கத்தையுமே வியந்தனர் போலும்.

அவ்வெண்மைக்குரிய மண் நம் காலடியிலேயே இருந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் அடுக்குகளில் வெண்களிமண்ணும் உண்டு. களியோடு ஃபெல்ஸ்பாரையும் குவார்ட்சையும் பொடித்துச் சேர்த்துக் கூழாக்கி, பாரிஸ் சாந்து அச்சுக்குள் ஊற்றுவது விருத்தாசலத்துச் சிறு தொழிற்கூடங்களில் அன்றாடக் காட்சி. அச்சு நீரை உறிஞ்ச, களி அதன் உட்சுவரில் தோல் போலப் படியும். மிகுதிக் கூழைக் கவிழ்த்து வடித்துவிட்டு, உருவை எடுத்து உலர்த்தி, மெருகுக் கலவையில் தோய்த்துச் சூளையில் ஏற்றுவர். நல்ல பீங்கானுக்கு 1,200 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஊறுகாய் ஜாடி, கோப்பை, அகல் விளக்கு, கொலு பொம்மை, மின்கம்பி தாங்கும் இன்சுலேட்டர், ஃபியூஸ் கட்டை என அங்கிருந்து சென்றவை பல. கொலு பொம்மைக்கு நம் வீடுகளில் இடமில்லை. ஜாடிக்கும் ஃபியூஸ் கட்டைக்கும் சமய வேறுபாடு ஏது?

இவற்றை யாரேனும் பொக்கிஷமாகச் சேர்த்து வைப்பார்களா என்று கேட்டால் நகைப்பே விடையாக வரும். உள்ளூர்ச் சரக்கு, மலிவானது, உடைந்தால் வேறொன்று வாங்கலாம் என்பர். இந்த விடையை வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்பதே நம் நோக்கம்.

ஹிஜ்ரி 237இல் (கி.பி. 851) தொகுக்கப்பட்ட 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' என்னும் அரபுப் பயண நூல், சீனர் களிமண்ணால் செய்யும் கிண்ணங்கள் கண்ணாடிபோல் மெல்லியவை, உள்ளிருக்கும் நீர் வெளியே தெரியும் என வியக்கிறது. ஆனால் அன்று கப்பலேறியவை எல்லாம் அத்தகைய அரிய பொருள்கள் அல்ல. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் ஒரு மூழ்கிய கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. அரபு நாட்டு முறையில், ஆணியின்றிக் கயிற்றால் தைத்துக் கட்டிய மரக்கலம் அது. அதில் ஏறக்குறைய 60,000 மட்கலங்கள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை சாங்ஷா சூளைகளில் குவியல் குவியலாகச் செய்யப்பட்ட சாதாரண உணவுக் கிண்ணங்கள். பெரிய ஜாடிகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருளாக அடுக்கப்பட்டிருந்தன. ஒரு கிண்ணத்தில் மட்டும் குயவன் கி.பி. 826க்கு நேரான சீன ஆண்டைப் பொறித்திருந்தான். அக்கப்பலின் காலத்தைக் கணிக்க அந்த ஒரு வரி பேருதவியாயிற்று. 2005இல் சிங்கப்பூர் ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம் அமெரிக்க டாலர் செலவில் அச்சரக்கைப் பெற்றது. பாக்தாதின் அடுக்களைக்கோ பஸராவின் கடைத்தெருவுக்கோ சென்றிருக்க வேண்டிய கிண்ணங்கள் இன்று அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கின்றன.

இப்னு பதூதா இந்த மாற்றத்தின் வேரைத் தொட்டுக் காட்டுகிறார். சீனத்தில் பீங்கானின் விலை தம் நாட்டில் மண்பாண்டத்தின் விலையே, அல்லது அதனினும் குறைவு என்கிறார். அதுவே இந்தியாவுக்கும், அதற்கப்பால் தம் தாயகமான மக்ரிப் வரையிலும் ஏற்றுமதியாகிறது என்றும் சொல்கிறார். பிறந்த ஊரில் வெறும் சட்டி. கடல் தாண்டியபின் அதுவே செல்வம். விருத்தாசலத்துக் கோப்பையை நாம் இகழ்வதற்கும், அதன் மூதாதையான சீனக் கோப்பையை நம் பாட்டிமார் பெட்டியில் பூட்டி வைத்ததற்கும் இடையே உள்ளது தொலைவுதான். களியின் குலத்தில் வேறுபாடு சிறிது.

அரசர்கள் அத்தொலைவைக் கொண்டாடினர். இஸ்தான்பூலின் தோப்காப்பி அரண்மனையில் 10,000க்கும் மேற்பட்ட சீனக் கலங்கள் உள்ளன. அவற்றுள் இளம்பச்சை நிறத் தட்டுகள் நஞ்சு பட்டால் காட்டிக் கொடுக்கும் என்றொரு நம்பிக்கை நிலவியது. (நஞ்சுக்கு அஞ்சாத ஏழைக்கு இந்தச் சிறப்பால் பயனேதும் இல்லை என்க.) பாரசீகத்தின் ஷா அப்பாஸ் 1611இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனக் கலங்களை அர்தபீலில் உள்ள ஷைக் ஸஃபீ அடக்கத்தலத்துக்கு வக்ஃபு செய்தார், ஒவ்வொன்றிலும் தம் பெயரைப் பொறித்தார். அவற்றை வைக்க 'சீனீகானா' என்றொரு மாடம் அமைந்தது. சுவரில் கலத்தின் வடிவத்துக்கேற்ற சிறு மாடக்குழிகள் வெட்டி, அவற்றில் அடுக்கினர். அழகிய ஏற்பாடுதான். எனினும் அத்தட்டுகளுக்கு உண்ணும் கைகளோடு இருந்த உறவு அங்கே அறுந்துபோயிற்று.

வக்ஃபின் வேறொரு முகத்தை அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே திமிஷ்கு நகரம் காட்டியிருந்தது. ஹிஜ்ரி 726 ரமளானில் (கி.பி. 1326) அங்குச் சென்ற இப்னு பதூதா, ஒரு சந்தில் அடிமைச் சிறுவன் ஒருவன் கையிலிருந்து சீனப் பீங்கான் தட்டு நழுவி உடைந்ததைக் கண்டார். கூட்டம் கூடியது. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திர வக்ஃபின் பொறுப்பாளரிடம் போ என்று ஒருவர் சொல்லி, தாமே உடன் அழைத்துச் சென்றார். பொறுப்பாளர் துண்டுகளைப் பார்த்தார். அதே போன்ற தட்டு வாங்கப் பணம் தந்தார். அந்த வக்ஃபு இல்லையேல் எசமானன் சிறுவனை அடித்திருப்பான், அல்லது ஏசியிருப்பான். அவன் உள்ளமும் உடைந்திருக்கும் என்று எழுதும் இப்னு பதூதா, இவ்வறம் செய்தவருக்காகத் துஆச் செய்கிறார். அங்கே பணம் பெறுவதற்கு உடைந்த துண்டே சான்றாயிற்று. பொருளைப் போற்றுதல் என்பதற்கு ஷா அப்பாஸின் மாடத்தைவிட இந்தச் சந்தையே நாம் சிறந்த சான்றாகக் கொள்வோம்.

இதற்கும் மூத்த முன்மாதிரி நம்மிடம் உண்டு. நபி (ஸல்) அவர்கள் பருகிய மரக்கிண்ணம் ஒன்று அனஸ் (ரலி) அவர்களிடம் இருந்தது. அது விரிசல் கண்டு வெள்ளியால் பிணைக்கப்பட்டிருந்தது என்பதை ஸஹீஹுல் புகாரீ பதிவு செய்கிறது. அதிலிருந்த இரும்பு வளையத்தை நீக்கிப் பொன்னிலோ வெள்ளியிலோ வளையம் இட அனஸ் (ரலி) விரும்பினார். நபியவர்கள் வைத்ததை மாற்றாதீர் என அபூதல்ஹா (ரலி) தடுத்துவிட்டார். அந்த இரும்பு வளையம் அப்படியே இருந்தது.

திமிஷ்கில் உடைந்த தட்டை அவ்வூரார் 'சஹன்' என்று அழைத்ததாக இப்னு பதூதா குறிக்கிறார். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் பலர் சுற்றியமர்ந்து உண்ணும் பெருந்தட்டை நாம் இன்றும் சஹன் என்றே சொல்கிறோம். இக்கரையில் சீனக் கலங்கள் வந்திறங்கியதற்கு மண்ணும் சாட்சி சொல்கிறது. கீழக்கரைக்கு அருகே பெரியபட்டினத்தில் 1980களில் நிகழ்ந்த ஆய்வுகளில், 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. இப்னு பதூதா குறிப்பிடும் 'ஃபத்தன்' துறைமுகம் இதுவே எனக் கருதும் அறிஞரும் உளர். விருத்தாசலமும் இக்கடலுக்கு அந்நியமன்று. அதன் ஓரமாய் ஓடும் மணிமுத்தாறு வெள்ளாற்றோடு கலந்து, நம்மவர் மஹ்மூது பந்தர் என்று அழைத்த பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது.

இன்று பழைய வீடுகளின் கலங்கள் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளை அலங்கரிக்கின்றன. எந்த வீட்டுத் திருமணத்துக்கு வந்தது, எந்தத் துறைமுகத்தில் வாங்கியது என்பதெல்லாம் விற்றவரோடு நின்றுவிடுகின்றன. வாங்குபவருக்குக் கிடைப்பது விலைச்சீட்டு. விருத்தாசலத்துப் பொருளுக்கோ அதுவும் இல்லை. நெகிழியும் எஃகும் ஜாடியின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தானியங்கி மின்துண்டிப்பான் வந்தபின் வெண்பீங்கான் ஃபியூஸ் கட்டை பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. சாங்ஷா குயவனைப் போல ஆண்டைப் பொறிக்க ஒருவர் இருந்திருந்தால் என்று எண்ணத் தோன்றுகிறது.

நம் மஹல்லாக்கள் பலவற்றில், விருந்துக்கென வக்ஃபு செய்யப்பட்ட தேக்சாக்களும் சஹன்களும் பள்ளிவாசலின் பாதுகாப்பில் உள்ளன. பதிவேட்டில் அவை வெறும் எண்ணிக்கையாக நிற்கின்றன. அதே ஏட்டில் இன்னொரு பத்தி வகுத்து, யார் கொடுத்தது, எந்த ஊர்ச் சூளையில் வெந்தது, எந்த ஆண்டு வந்தது, எப்போது உடைந்தது என்று முதியவர்களைக் கேட்டு எழுதலாம். ஒரு மாலைப் பொழுதில் முடியும் வேலை. விருத்தாசலத்து ஜாடிக்கும் அதில் ஒரு வரி ஒதுக்கலாம்.