ரெனுன்சியா யா இயக்கம்

ரெனுன்சியா யா (‘உடனே பதவி விலகு’): மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் 2015இல் ஃபேஸ்புக், ட்விட்டர் வழியே எழுந்த ஊழல் எதிர்ப்பு இயக்கம்.

பின்னணி: ஐ.நா. ஆதரவு பெற்ற விசாரணை ஆணையமான சிசிக், சுங்க வரி மோசடிக் கும்பலை 2015 ஏப்ரல் 16 அன்று அம்பலப்படுத்தியது. இறக்குமதியாளர்கள் ஒரு தொலைபேசி எண்ணில் பேரம் பேசி, லஞ்சம் கொடுத்து வரியைக் குறைத்துக்கொண்டனர். அதனால் கும்பலுக்கு ‘லா லினேயா’ (இணைப்பு) என்று பெயர்.

மக்கள் எதிர்வினை: கட்சி சாராத சிலர் ஃபேஸ்புக்கில் விடுத்த அழைப்பை ஏற்று, ஏப்ரல் 25 அன்று தலைநகரின் அரசியல் சாசனச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். இந்த மோசடியுடன் தொடர்புபடுத்தப்பட்ட துணை அதிபர் ரொக்சானா பால்தெத்தி மே 8இலும், அதிபர் ஒட்டோ பெரெஸ் மொலினா செப்டம்பர் தொடக்கத்திலும் பதவி விலகினர்.

பின்விளைவு: ‘ஊழல்வாதியும் அல்ல, திருடனும் அல்ல’ என்ற முழக்கத்துடன் நகைச்சுவை நடிகர் ஜிம்மி மொராலெஸ் அதிபரானார். 2017 ஆகஸ்டில் சிசிக் தலைவர் இவான் வெலாஸ்கெஸை நாட்டைவிட்டு வெளியேறுமாறு மொராலெஸ் உத்தரவிட்டபோது, மக்கள் மீண்டும் தெருவில் இறங்கினர். ஆணையத்தின் பணி 2019இல் முடிவுக்கு வந்தது.

மதிப்பீடு: சமூக ஊடகக் கோபம் ஆட்சியாளரை இறக்க வல்லது. ஊழலை வேரறுக்க, அதிகாரத்துக்கு அஞ்சாத விசாரணை அமைப்புகளும் நீதிமன்றங்களும் நிலைக்க வேண்டும்.