பார்க்கின்சன் நோய்: மூளைத் தூண்டல் கருவியின் அளவுகள் சீரமைக்கப்படுவது எப்படி?

பார்க்கின்சன் நோய்க்கான ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை அறுவை சிகிச்சையுடன் முடிந்துவிடுவதில்லை. மூளையில் பொருத்தப்பட்ட மின்முனைகளுக்கு, மார்புத் தோலுக்கடியில் உள்ள கருவி எவ்வளவு மின்சாரத்தை அனுப்ப வேண்டும் என்பதைச் சரியாக வகுப்பதே பலனைத் தீர்மானிக்கிறது.

பொதுவாக அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களில், மூளை வீக்கம் வடிந்த பின்னர் இப்பணி தொடங்கும். முந்தைய இரவு முதல் மருந்து நிறுத்தப்பட்டு, நோயின் உண்மை நிலை கண்டறியப்படும். வழக்கமாக வினாடிக்கு 130 துடிப்புகள், ஒவ்வொன்றும் 60 மைக்ரோ வினாடி என நிர்ணயித்து, மின்முனையின் ஒவ்வொரு தொடுபுள்ளியிலும் மின்னோட்டத்தை மருத்துவர் படிப்படியாக உயர்த்துவார்.

தசை இறுக்கம் சில வினாடிகளிலேயே தளரலாம்; நடையில் மாற்றம் தெரிய நாள்கள் ஆகலாம். மின்னோட்டம் மிகுந்தால் பேச்சு குழறும், தசைகள் இழுக்கும், மதமதப்பு ஏற்படும். எனவே, அறிகுறி தணியும் அளவுக்கும் பக்கவிளைவு தோன்றும் அளவுக்கும் இடையே அதிக இடைவெளி உள்ள புள்ளி தேர்ந்தெடுக்கப்படும். மருந்தின் அளவும் உடன் சீரமைக்கப்படுவதால், உரிய நிலையை எட்டச் சில மாதங்கள் ஆகலாம்.

மூளையின் மின் அலைகளை உணர்ந்து அளவைத் தானாக மாற்றிக்கொள்ளும் முறைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்தது. எனினும், இச்சிகிச்சை அறிகுறிகளைக் கட்டுப்படுத்துமே தவிர, நோயைக் குணப்படுத்தாது.