கிருஷ்ணகிரி மலைகளின் கற்களும் கதைகளும்

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சூளகிரிக்கு அண்மையிலுள்ள மல்லசந்திரத்தில், மோரல் பாறை என்று வழங்கும் குன்றின்மீது, பலகைக் கற்களை நாற்புறமும் நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றி, ஒரு பக்கத்தில் வட்டமான இடுதுளை விட்டு அமைத்த கற்திட்டைகள் கூட்டங்கூட்டமாக நிற்கின்றன. அவை பெருங்கற்கால மக்கள் தம் இறந்தோர்க்கு எழுப்பிய ஈமச் சின்னங்கள் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. முழ உயரமே உடையவராயினும் பாறையைப் பெயர்க்கும் வலி படைத்த குள்ளர்கள் குடியிருந்த வீடுகள் என்பது அவ்வூர் முதியோர் ஐதிகம். வனவாச காலத்தில் பாண்டவர் தங்கிய இடம் என்பாரும் உளர். எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் கொப்பள மாவட்டத்து ஹிரேபெணகல் குன்றிலுள்ள கற்திட்டைகளுக்கும் கன்னட மக்கள் இதே குள்ளர் கதையையே சொல்கின்றனர். இப்பால், இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பர்கூர் வட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022இல் அறிவிக்கப்பட்டது. அத்துணைப் புராதனமான பிரதேசத்தில், கட்டியவர் யார் என்ற ஞாபகம் அடியோடு மறைந்த பிறகு, மனிதர் நுழைய இயலாத அந்தச் சிறு துளையைக் கண்ட மக்கள் குள்ளரை ஊகித்தது இயல்பே. அவ்வூகம் வீண்போகவில்லை; உள்ளே யாரோ வாழ்ந்தார்கள் என்று நம்பியவன் அந்தக் கல்லின்மேல் கடப்பாரையை வைக்கத் துணியான்.

இதனினும் நெஞ்சைத் தொடுவது வேடியப்பன் வழிபாடு. ஆநிரை கவர வந்தாரோடு பொருதும், ஊருக்குள் புகுந்த புலியை எதிர்த்தும் மாண்ட வீரர்க்குப் பல்லவர் காலம் முதலாக நட்ட நடுகற்கள், கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காட்டோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் இன்றும் பொங்கலும் பலியும் பெறுகின்றன. அவற்றில் பொறித்த வட்டெழுத்தை வாசிக்க அறியாத குடியானவர்கள், கல்லில் வில்லேந்தி நிற்பவனை வேடியப்பன் என்னும் தம் குலதெய்வமாகக் கொண்டு, அவன் இரவில் எல்லை சுற்றுவான் என்றும், பொய்ச்சத்தியம் செய்தவனை விடமாட்டான் என்றும் பயபக்தியோடு பேசுகின்றனர். செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், கள்வர் இருவரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயையும் வீரனுடன் கல்லில் செதுக்கி, பெயரையும் பொறித்து வைத்தார்கள். தொண்டு புரிந்த பிராணிக்கும் அழியாத பெயர் அளித்த அந்த மனத்தினும் உயர்ந்த நாகரிகத்தை நான் அறியேன்.

புலியோடு பொருது மாண்டவர்க்கு நட்ட புலிகுத்திப்பட்டான் கற்கள் இங்கே மிகுந்திருப்பதற்குக் காரணம் காடே. தளி, ஜவளகிரி, அஞ்செட்டி வனங்களில் திரிந்த ஆட்கொல்லி விலங்குகளைப் பற்றி, பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் 1954இல் வெளிவந்த தம் முதல் நூலில் விரிவாக எழுதினார். கும்ளாபுரத்துச் சிறுத்தையை அவர் புள்ளி போட்ட பிசாசு என்றே தலைப்பிட்டார். கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே இறங்கும் ஒன்றை, கதவடைத்து இருளில் நடுங்கியவர்கள் வெறும் மிருகமாக எண்ண இயலுமா? மலைப்பிரதேசத்துப் பேய்க் கதைகளில் பலவற்றின் அடியில் இத்தகைய மெய்யான மரணங்கள் கிடக்கின்றன என்பது என் கருத்து.

ஓசூர்க் குன்றின்மேல் கோயில் கொண்ட சந்திரசூடேசுவரரோ, உடும்பு வடிவில் உலவி, பார்வதி தேவியைப் பின்தொடரச் செய்து, இம்மலைக்கு வந்தவர் என்பது தலபுராணம். பாறைப் பிளவில் வாழும் எளிய பிராணியையே ஈசனாகக் காணும் அன்பு அதில் விளங்குகிறது.

அக்குன்றின் உச்சியிலிருந்து நோக்கினால் இன்று தெரிவன, 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை கால்கொண்டதன் பின் பெருகிய ஆலைகளும், அவற்றின் தொழிலாளர் குடியிருப்புகளுமே. பல தேசத்து ஜனங்கள் பிழைப்புக்காக வந்து சேர்ந்த ஊரில், தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பாட்டிமார் சொன்ன கதைகளைக் கேட்கச் செவிகள் குறைந்துவிட்டன. மறுபுறம் கருங்கல் குவாரிகள் குன்றுகளை அறுத்தெடுக்கின்றன. கதை மறந்த ஊரில், பாண்டவர் வீடு பத்து லாரி ஜல்லியாகவே மதிக்கப்படும். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் சிலவற்றைப் பேணி வைத்திருப்பது போற்றத்தக்கது; ஆயினும், அரசன் பெயரும் ஆண்டும் எழுதிய அட்டையோடு, அந்தக் கல்லைத் தெய்வமாகக் கும்பிட்ட ஊரார் அதைப் பற்றிச் சொன்ன கதையையும் அவர்கள் வாய்மொழியிலேயே பதிந்து வைத்தல் வேண்டும். அதனைச் சொல்லவல்ல முதியோர் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துச் சிற்றூர்களில் இன்னும் இருக்கிறார்கள்.