மாரிக்கால விறகும் மனைக்கணக்கும்
இறுப்பிட்டியை முன்வைத்து ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்தின் பொருளியல் வரலாற்றை எழுதப் புகுந்தோர் நெல்லையும் புகையிலையையும் பனைமரத்தையும் கணக்கிட்டனர், அடுப்பைக் கணக்கிட்டாரல்லர். அரசிறைப் பதிவேடுகளில் பெரிதும் இடம்பெற்றவை வரி விதிக்கத்தக்கனவும் கப்பலேற்றத்தக்கனவுமான பொருள்களே. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில் (1658–1795) பனைமரம் கடல் கடந்து விலைபோயிற்று. அதே பனையினின்று வீழ்ந்த ஓலையும் மட்டையும் எத்தனை உலைகளைக் கொதிக்கச் செய்தன என்பது அரசுக்கு வேண்டாத செய்தி. ஆயினும் ஒரு குடும்பத்தின் வாழ்வு தானியக் கூடையைப் போலவே விறகுக் குவியலையும் சார்ந்திருந்தது. மாரி தொடங்குமுன் எவ்வளவு விறகு சேர்த்துவைத்தல் வேண்டும் என்ற வினாவுக்கு விடை காணும் அறிவு மனைகளில் வளர்ந்தது. அவ்வறிவின் இயல்பைத் தீவகத்துச் சிற்றூர் ஒன்றினை முன்வைத்து ஆராய்தல் பயனுடைத்து.

இறுப்பிட்டி புங்குடுதீவின் ஊர்ப்பிரிவுகளுள் ஒன்று. சுண்ணக்கல் மேல் மெல்லிய மண் படர்ந்த இத்தீவில் காடில்லை, ஆறில்லை. கிணற்று நீரும் மழைநீரும் பனையுமே வாழ்வின் ஆதாரங்கள். ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றுடன் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய திங்கள்களில் பொழிந்துவிடும். அக்காலத்தில் கடல் கொந்தளிக்கும். தாம்போதிகள் அமையுமுன் தோணிப் பயணம் பல நாள் தடைப்படுவதுண்டு. வெளியிலிருந்து விறகு வருதல் அரிது. ஊரினுள்ளே கிடப்பதோ நனைந்திருக்கும். எனவே தீவகத்தார்க்கு மாரி என்பது சேமித்ததைக் கொண்டு வாழும் காலமாயிற்று. குளிர்நாட்டார் குளிர்காயத் தீ மூட்டுவர். இங்கோ சோறு சமைக்கவே தீ வேண்டியிருந்தது. நோக்கம் வேறாயினும் சேமிப்பின் சிக்கல் ஒன்றே.

பனை தரும் எரிபொருள் ஒருதன்மையதன்று. காவோலை விரைவிற் பற்றி, கொழுந்துவிட்டு எரிந்து, விரைவில் அவிந்துபோகும். பன்னாடை தீ மூட்டுவதற்கு உதவும். கங்குமட்டை நெடுநேரம் நின்றெரியும். ஊமலோ கனன்று நின்று சீரான வெப்பந் தரும். ஆதலின் எத்தனை கட்டு என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. எவ்வகையில் எவ்வளவு என்பதே கணக்கின் முதற்படி. இடம் மிகுதியாகப் பிடிப்பதும் எளிதில் நனைவதுமான ஓலையைக் கோடையில் எரித்து, மட்டையையும் ஊமலையும் மாரிக்கென ஒதுக்குதலே அறிவுடைமை.

ஊமலின் வரலாறு தனியே நோக்கத்தக்கது. ஆவணி, புரட்டாதியில் வீழும் பனம்பழத்தின் விதைகள் பாத்தியில் அடுக்கப்படும். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று விதைகள் வரை இருக்கும். மாரி மழையில் முளைத்த கிழங்கு தை, மாசியில் கிண்டி எடுக்கப்படும். கிழங்கு ஒடியலாகவும் புழுக்கொடியலாகவும் மாறும். விதையைப் பிளந்து பூரானை உண்பர். எஞ்சும் ஓடே ஊமல். அது பங்குனி முதல் ஆவணி வரை வெயிலிற் காய்ந்து அடுத்த மாரிக்கு ஆயத்தமாகும். ஆகவே பாத்தியிட்ட விதைகளின் தொகையை அறிந்தவர், ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்னரே தம் உணவின் ஒரு பகுதியையும் எரிபொருளின் ஒரு பகுதியையும் ஒருங்கே அறிந்தவராவர்.

எனினும் கிடைத்த யாவும் அடுப்பைச் சேர்வதில்லை. ஓலை கூரை வேயவும் வேலி அடைக்கவும் வேண்டும். பச்சோலை மாட்டுக்கு உணவாகும். பழைய ஓலை தோட்டத்திற் புதைக்கப்பட்டுப் பசளையாகும். கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி ஆக்குவதற்கும், நெல் அவிப்பதற்கும், புழுக்கொடியலுக்காகக் கிழங்கு அவிப்பதற்கும் தனியே விறகு தேவை. ஊமலைத் தந்த பாத்தியே தன் கிழங்கை அவிப்பதற்கு விறகும் கேட்டது. இவையனைத்தும் போக எஞ்சியதே மாரிக்குரியது. எனவே விறகுக் கணக்கு என்பது கூட்டலாக மட்டுமன்றிப் பங்கீடாகவும் இருந்தது.

இக்கணக்கின் அமைப்பை எடுத்துக்காட்டொன்றால் விளக்கலாம். ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 5 கிலோகிராம் உலர்ந்த விறகை எரிப்பதாகக் கொள்வோமாயின், 90 நாள் மாரிக்கு 450 கிலோகிராம் வேண்டும். மழை நீடித்தாலும் விருந்தினர் வந்தாலும் பிள்ளைப்பேறோ நோயோ நேர்ந்து வெந்நீர் மிகுதியாக வேண்டப்பட்டாலும் இது போதாது. காற்பங்கு மேலதிகமாக வைப்பின் ஏறத்தாழ 560 கிலோகிராம் ஆகும். சராசரி மாரியை நோக்கிச் சேமித்தவர் இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் குறைவுற நேரும். நெடிய மாரியை நோக்கிச் சேமித்தவரே அமைதியுடன் இருப்பர். மிஞ்சிய விறகு கெட்டுப்போவதில்லை. குறைந்த விறகோ பட்டினியாகும். இவ்விரு பிழைகளும் சமமானவையல்ல என்பதே மனைக்கணக்கின் உயிர்நிலை.

நிறை மட்டும் உண்மை கூறாது என்பதும் இங்கு கருதத்தக்கது. நூற்றுக்கு 15 பங்கு ஈரமுள்ள விறகு தரும் வெப்பத்தினும், அதே நிறையுடைய, 30 பங்கு ஈரமுள்ள விறகு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவாகவே தரும். 90 நாளுக்கென நிறுத்து வாங்கிய ஈரவிறகு 72 நாளளவில் தீர்ந்துவிடும்; புகையோ கண்ணைக் கரிக்கும். ஆகவே சேமிக்கும் அளவும் சேமிக்கும் முறையும் பிரிக்கவொண்ணாதவை. நிலத்தின் ஈரமும் கறையானும் அணுகாவண்ணம் கல்லின்மேல் அடுக்குதலும், அடுப்பின் மேலுள்ள பரணிற் சிலநாள் விறகை ஏற்றிப் புகையில் உலர்த்துதலும் இதன்பாற்பட்டன.

இவ்வறிவு தீவகத்துக்கு மட்டும் உரியதன்று. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் மேலைநாடுகளில் மரத்தூளை அழுத்திச் சிறு குச்சுகளாக்கிய 'பெலற்' என்னும் எரிபொருள் வளர்ச்சியுற்றது. 2 கிலோகிராம் பெலற் ஏறத்தாழ ஒரு லீற்றர் எண்ணெய்க்கு ஈடாகும். ஆண்டுக்கு 2,000 லீற்றர் எண்ணெய் எரித்த வீட்டுக்கு 4 தொன் பெலற் வேண்டும். அதற்கு ஆறு கனமீற்றருக்குச் சற்று மேற்பட்ட உலர்ந்த இடமும் வேண்டும். நீர்பட்டால் அது வீங்கி மீண்டும் தூளாகிவிடும். சென்ற ஆண்டின் செலவு, பருவத்தின் நீளம், இடத்தின் அளவு, ஈரத்தின் அச்சம் ஆகியவையே அங்கும் கணக்கின் உறுப்புகள். புங்குடுதீவிலிருந்து கனடாவுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் பெயர்ந்தோர் பனிக்காலத்தில் எதிர்கொண்ட வினா, அவர்தம் பாட்டிமார் மாரிக்கு முன் எதிர்கொண்ட வினாவே.

பாட்டிமார் என்றது காரணம் பற்றியே. புங்குடுதீவின் ஆடவர் பலர் வணிகத்தின் பொருட்டுக் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் வாழ்ந்தனர். மனையின் சேமிப்பைக் கண்காணித்தோர் பெண்களே. அவர்கள் எழுதிவைத்தாரல்லர், கண்ணளவும் கையளவும் அவர்தம் ஏடுகளாயின. அன்றியும் இக்கணக்கு யாவர்க்கும் ஒன்றாயிருந்ததில்லை. பனங்காணி உடையோர் எவ்வளவு வைப்பது என்று எண்ணினர். காணியற்றோர் எங்கே பொறுக்குவது என்று எண்ணினர். வீழ்ந்த மட்டையை எடுப்பதற்கும் பிறரின் இசைவை வேண்டிநின்ற குடும்பங்களுக்கு மாரியின் நீளம் அடிமைத்தனத்தின் நீளமாகவும் இருந்தது. சமூக வரலாறு விறகுக் குவியலின் உயரத்திலும் எழுதப்பட்டுள்ளது எனலாம்.

இருபதாம் நூற்றாண்டில் மண்ணெண்ணெய் அடுப்பு பரவியபோது இக்கணக்கின் இன்றியமையாமை குறைந்ததுபோலத் தோன்றிற்று. வரலாறு அத்தோற்றத்தைப் பலமுறை பொய்ப்பித்தது. 1964 டிசம்பரில் வட இலங்கையைத் தாக்கித் தனுஷ்கோடியை அழித்த புயல், மாரியின் இறுதியிலும் பேரிடர் வரக்கூடும் என்பதை உணர்த்திற்று. 1990இல் போர் மீண்டபின் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று; விறகே மீண்டும் அடுப்பாண்டது. அதேவேளை பெருந்தொகையான பனைகள் எறிகணைகளால் அழிந்தன, காப்பரண்களுக்கெனவும் தறிக்கப்பட்டன. 1991இல் புங்குடுதீவு மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தனர். வீட்டோடு விறகுக் குவியலும் கைவிடப்பட்டது. ஓராண்டுக்கு முன்னரே தொடங்கவேண்டிய சேமிப்பு, நாளை எங்கே உறங்குவது என்றறியாதவர்க்கு இயலாததாகும். 2022இல் இலங்கை முழுவதும் எரிவாயு அருகியபோது நகரத்து வீடுகளும் விறகடுப்பை நாடின. ஆயின் விறகை அடுக்கும் இடமும் உலர்த்தும் பழக்கமும் அங்குப் பல வீடுகளில் இல்லாதொழிந்திருந்தன.

தொகுத்து நோக்குமிடத்து, மாரிக்கால விறகுக் கணக்கு வறுமையின் சிக்கனம் மட்டுமன்று. வருவதை முன்னறிந்து வாழ்வை ஒழுங்குசெய்த ஓர் அறிவுமுறை. நாட்செலவை அறிதல், நெடிய பருவத்தை நோக்கல், வகைபிரித்தல், உலர்த்திக் காத்தல், மிகையைத் தவறெனக் கருதாமை என்பன அதன் விதிகள். அவை நிலைபெறுவதற்கு ஒன்று வேண்டும்: அடுத்த மாரியிலும் அதே மனையில் இருப்போம் என்ற உறுதி. பாத்தியில் விதையை அடுக்குபவர் கிழங்கை மட்டும் நம்புவதில்லை. வருமாண்டின் அடுப்பையும் நம்புகின்றார். அந்நம்பிக்கை நிலைத்த காலங்களையும் குலைந்த காலங்களையும் எழுதாதவரை இறுப்பிட்டி போன்ற ஊர்களின் வரலாறு நிறைவுறாது.