எட்டப்பன் ஊர்ல ஒரு சனிக்கிழமை

கூட இருந்தே குழி பறிக்கிற ஃப்ரெண்டை எப்படித் திட்டுவோம்? "டேய் எட்டப்பா!" ஒரு ஊரை ஆண்டவங்களோட பட்டப் பேரே தமிழ்ல வசைச்சொல் ஆயிடுச்சு. அப்போ அந்த ஊர்க்காரங்களுக்கு எப்படி இருக்கும்? இந்தக் கேள்வியோடதான் எட்டயபுரம் போனேன்.

மதுரை - தூத்துக்குடி சாலையில, கரிசல் காட்டுக்கு நடுவுல இருக்கிற சின்ன ஊர் அது. நான் போனது சனிக்கிழமை, ஆட்டுச் சந்தை நாள். விடியறதுக்கு முன்னாடியே வண்டி வண்டியா ஆடுகள் வந்து இறங்குது. முகத்துல வெள்ளைக் கோடு இருந்தா பால்கன்னி, சிவப்பா இருந்தா செங்கன்னி. நெட்டையா நிக்கிறது கொடி ஆடு. எல்லாமே இந்த வறண்ட மண்ணுக்குப் பழகின இனங்கள். தீபாவளி, பக்ரீத், பொங்கல் சமயத்துல இங்க நிக்கக்கூட இடம் இருக்காது.

சரி, அந்தப் பேருக்கு வருவோம். எட்டப்பன்கிறது ஒரே ஒரு ஆள் இல்ல. எட்டயபுரத்தை ஆண்ட பாளையக்காரர்கள் வழிவழியா வெச்சுக்கிட்ட பட்டம். பக்கத்துப் பாளையமான பாஞ்சாலங்குறிச்சிக்கும் இவங்களுக்கும் எல்லைத் தகராறு ரொம்ப நாளாவே இருந்துச்சு. 1799-ல கம்பெனிப் படை கட்டபொம்மன் மேல பாய்ஞ்சப்போ, எட்டயபுரம் கம்பெனி பக்கம் நின்னது. அதுக்குப் பரிசா பாஞ்சாலங்குறிச்சி நிலத்துல ஒரு பகுதியும் கிடைச்சது. இதை மறைக்க வேண்டியதில்ல.

ஆனா, கட்டபொம்மனைப் பிடிச்சு ஒப்படைச்சது புதுக்கோட்டை. அவரைக் கயத்தாறுல தூக்குல போட்டது கம்பெனி. வசைச்சொல்லா நின்னதோ எட்டயபுரத்துப் பேரு. 1959-ல வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் அதை வீட்டுக்கு வீடு கொண்டு போச்சு.

இப்போ இதே ஊரோட இன்னொரு கணக்கைப் பாருங்க. சீறாப்புராணம் பாடின உமறுப் புலவர் இந்த அரசவையில இருந்தவர். அவரோட அடக்கத்தலமும் இங்கதான் இருக்கு. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல மறைஞ்சது இங்க. அவரோட பாடல்களை சுரக்குறிப்போட காப்பாத்தித் தந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-ல அச்சானதும் இங்கதான். 1882-ல இங்க பிறந்த சுப்பையாங்கிற பையனுக்கு 'பாரதி'ன்னு பட்டம் கிடைச்சதும் இதே ஊர்லதான். அவரோட அப்பா கரிசல் பருத்தியை நம்பி ஆலை தொடங்கி நொடிச்சுப் போனவர்.

கம்பெனிக்குத் துணை போன அதே அரண்மனைதான் ஒரு இஸ்லாமியப் புலவரையும், ஒரு இசைக் குடும்பத்தையும் ஆதரிச்சுது. ரெண்டுமே உண்மை. ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை அழிக்க முடியாது.

சந்தையில ஒரு பெரியவர்கிட்ட பேச்சுவாக்குல இந்த 'எட்டப்பன்' விஷயத்தைக் கேட்டேன். சிரிச்சார். அப்புறம் கையில பிடிச்சிருந்த கிடாவோட விலையைச் சொன்னார். எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. 1799-ல முடிவெடுத்தது அரண்மனை. அன்னைக்கு ஆடு மேய்ச்சவங்களை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா ஊர்ப் பேரைச் சொன்னதும் வர்ற அந்த நக்கலை இன்னைக்கும் வாங்கிக்கிறது அவங்க வாரிசுங்கதான்.

அடுத்த தடவை அந்த வார்த்தை வாயில வந்தா, ஒரு நொடி அந்தச் சந்தையை நினைச்சுப் பாருங்க.